இடது பையில் அக்ரூட்

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் ஷகீப் அடுப்பைப் பார்ப்பதில்லை, சுவரில் ஏறும் புகைக்குழாயையும் பார்ப்பதில்லை. தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில்தான் அவன் கண் முதலில் போகும். அங்கே மூன்று நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை நின்றால், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நிற்பான். கூப்பிடமாட்டான், கொஞ்சமாட்டான். குழந்தை அவனை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தன் விளையாட்டுக்குத் திரும்பியதும் தொப்பி தலைக்கு ஏறிவிடும். "சரிம்மா, பழைய பேப்பர் இருந்தா கொண்டாங்க, தரையில விரிக்கணும்" என்பான்.

எங்கள் மலையில் அக்டோபர் பிறந்தால் எல்லா வீட்டிலும் டீசல் அடுப்பைக் கூடத்தின் நடுவுக்கு இழுத்துப் போடுவோம். அதிலிருந்து ஒரு தகரக் குழாய் கூரைவரை ஏறி, முழங்கை மாதிரி மடங்கி, சுவர்த் துளை வழியாக வெளியே போகும். போன குளிர்காலத்துக் கரியெல்லாம் அந்த முழங்கையில்தான் உட்கார்ந்திருக்கும். அதை எடுப்பது ஷகீப்பின் தொழில். விரல் முட்டியால் குழாயைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பான். 'ணங்' என்றால், "தொண்டை சுத்தம்." 'தொப்' என்றால், "நெஞ்சு அடைச்சிருக்கு. இதோட பத்த வச்சீங்கன்னா குடும்பத்தோட தூங்கிடுவீங்க." வயது ஐம்பத்தெட்டு. மீசை நரைத்துவிட்டதா இல்லையா என்பது ஏப்ரல் மாதம் குளித்து முடித்த பிறகுதான் ஊருக்குத் தெரியும். நான் அவனைவிடப் பதினேழு வயது மூத்தவன், அதனால் எனக்கு அவன் இவன் என்றுதான் வருகிறது.

பச்சைக் கோட்டு ஒன்று போட்டிருப்பான், பழைய ராணுவக் கோட்டு. வலது பையில் கரி துடைக்கிற துணி. இடது பையில் மூன்று அக்ரூட். இடது பக்கம் யார் கையும் போகக்கூடாது. அவன் மனைவி நஜ்லா சொல்வாள்: "கோட்டைத் துவைக்கணும்னா முதல்ல அந்த மூணு சாமியையும் எறக்கி ஜன்னல்ல வைக்கணும். அதுங்க கண்ணு முன்னாலதான் துவைக்கணும்."

அந்த மூன்றின் கதையைச் சொல்லாமல் ஷகீப்பைச் சொல்ல முடியாது.

ஐம்பத்தேழாம் வருஷம் செப்டம்பரில், மேலே ரஷ்மூன் ஊரில், அஜாஜ் என்பவர் அக்ரூட் மரத்தில் ஏறிக் கழியால் காய் அடித்துக்கொண்டிருந்தபோது கிளை முறிந்து விழுந்தார். அங்கேயே முடிந்துவிட்டது. மனைவி சல்ஹா அக்காவுக்கு இருபத்து நாலு வயது, மூன்று பையன்கள், மூத்தவன் நாயிஃபுக்கு ஆறு. அதே சாயங்காலம் எங்கள் ஊர் ஐன் தீபேயில், கொல்லன் ஸலீமின் கடைசி மகளுக்கு ஒரு பையன் பிறந்தான். அவன்தான் ஷகீப்.

எங்கள் ஊரில் பாதி துரூஸ், பாதி கிறிஸ்தவர். துரூஸ்களுக்கு உடம்பு ஒரு சட்டை. கிழிந்தால் கழற்றிப் போட்டுவிட்டு அந்த நொடியே வேறு சட்டை மாட்டிக்கொள்வார்கள். ஆண் ஆணாகவே, பெண் பெண்ணாகவே, துரூஸ் வீட்டிலேயே பிறப்பார்கள். எங்களுக்கு ஒரே சட்டைதான். அதோடு படுத்து, கடைசி நாளில் எக்காளம் கேட்டு, அதோடேயே எழுந்திருப்போம். இந்த இரண்டு கணக்கையும் வைத்துக்கொண்டு ஒரே ஊற்றில் தண்ணீர் பிடித்தோம். நடுவில் ஒரு போர் வந்து கிறிஸ்தவர்களான எங்கள் வீடுகளைப் பதினோரு வருஷம் காலி செய்தது. நான் திரும்பி வந்தபோது என் வீட்டில் கூரை இல்லை. குழாய் இருந்தது. ஷகீப் அதைக் கழற்றித் தன் பரணில் போட்டு வைத்திருந்தான். "துரு பிடிக்காம எண்ணெய் தடவி வச்சேன் அண்ணே. கூரையைக் கழட்ட முடியல" என்றான்.

போன பிறவியைப் பற்றி அவன் பேச ஆரம்பித்தது நாலாவது வயதில். 'எங்க வீடு இது இல்ல, என் பசங்க மேல இருக்காங்க' என்று சாப்பிடாமல் அழுதான். எங்கள் மலையில் இது புதிதல்ல. வருஷத்துக்கு ஒரு குழந்தையாவது எங்கேயாவது இப்படிப் பேசும். கடைசியில் ஒரு கழுதை மேல் உட்காரவைத்து ரஷ்மூனுக்குக் கூட்டிப்போனார்கள். எங்கள் வாசலைத் தாண்டித்தான் போனார்கள், நான் பார்த்தேன். பெரிய மனிதன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

அங்கே நடந்ததை மலையே அறியும். நேராக வீட்டுக்குள் போய், வெள்ளை முக்காட்டோடு நின்ற சல்ஹா அக்காவைப் பார்த்து, "பசிக்குது சல்ஹா" என்றான். ஊர்ப் பெரியவர் ஒருவர் சோதனையாக, "கடைசி நாள் அன்னைக்கு உன் அரிவாளை எங்க வச்ச?" என்று கேட்டார். அஜாஜ் செத்த பிறகு அந்த அரிவாளை யாரும் எடுக்கவில்லை, தேடவும் இல்லை. பையன் உள்ளறையில் மாவுப் பெட்டியைக் காட்டினான், அதன் பின்னால் என்றான். சல்ஹா அக்கா எல்லோருக்கும் முன்னால் உள்ளே போனாள். வெளியே வரும்போது கையில் அரிவாள். "இங்கதான் இருந்துச்சு" என்றாள். பெண்கள் குலவையிட்டார்கள், ஆண்கள் அழுதார்கள்.

அன்றிலிருந்து வியாழக்கிழமைதோறும் ஷகீப் ரஷ்மூனில்தான். கதவைத் திறந்துபோட்டு, பையன்களைச் சுற்றி உட்காரவைத்து, சல்ஹா அக்கா அவனுக்கு மாத்தே இலைப் பானம் காய்ச்சிக் கொடுப்பாள். உறிஞ்சு குழலின் வாயை எலுமிச்சைத் தோலால் துடைத்து முதலில் அவனிடம்தான் நீட்டுவாள். நாலு வயதுப் பையனை 'வாங்க, உட்காருங்க' என்றுதான் சொன்னாள். அவன் அவளை 'நீ' என்பான். பத்து வயது நாயிஃபிடம், "ஏன்டா பள்ளிக்கூடம் போகல?" என்று இவன் மிரட்டுவான். "போறேம்ப்பா, முதல்ல உங்களுக்கு மூக்கைத் துடைச்சு விடட்டுமா?" என்பான் நாயிஃப். நாயிஃபுக்குக் கல்யாணம் நடந்தபோது இருபத்தைந்து வயது மாப்பிள்ளைக்கு அப்பா இடத்தில் பத்தொன்பது வயது ஷகீப் உட்கார்ந்திருந்தான். அந்தப் போட்டோ இன்னும் அவர்கள் கூடத்தில் இருக்கிறது. பார்க்கிறவர்கள் மாப்பிள்ளைத் தோழன் என்று நினைப்பார்கள்.

புறப்படும்போது அவள் மூன்று அக்ரூட்டை எண்ணி அவன் கோட்டின் இடது பையில் போடுவாள். அஜாஜ் விழுந்த மரத்துக் காய். பிள்ளைகள் மூன்று, காய் மூன்று. வேறு அர்த்தம் அவள் சொன்னதில்லை.

இருபது வயதில் ஷகீப் தனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று முறுக்கிக்கொண்டான். ஏன் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். சல்ஹா அக்காவே மூன்று ஊர் நடந்து நஜ்லாவைப் பார்த்து, பேசி முடித்தாள். "என் புருஷனுக்குப் பொண்ணு கேட்டு வந்திருக்கேன்" என்று அந்த வீட்டில் சொன்னாளாம். நஜ்லா நல்ல வாயாடி. மனம் இருந்தால் 'அக்கா' என்பாள், இல்லாவிட்டால் 'சக்களத்தி'. "உலகத்துலயே எம்பது வயசுச் சக்களத்தி எனக்கு மட்டும்தான்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை காலையில் புருஷனுக்குத் துவைத்த சட்டையை எடுத்து வைத்ததும் அவள்தான்.

என் வீட்டுக் குழாயைத் துடைக்க வருகிறபோது ஷகீப் தாராளமாகப் பேசுவான். எங்கள் வீட்டில் துரூஸ் குழந்தை பிறக்கப் போவதில்லை. "உங்க வீட்டுல எனக்கு வேலை மட்டும்தான் அண்ணே, தேட ஒண்ணும் இல்ல" என்பான், கண்ணும் கீழே போகாது. சல்ஹா அக்கா இருந்த காலத்தில் ஒரு நாள் கேட்டேன், அந்த மரத்திலிருந்து விழுந்தது நினைவிருக்கிறதா என்று. கரிச் சட்டியைக் கீழே வைத்தான். "பத்து வயசுக்குள்ள எல்லாம் போயிடுச்சு. எனக்கு ஞாபகம் இருக்கிறது மரம் இல்ல, மரத்தைப் பத்தி அவ சொன்னதுதான். ஆனா அரிவாள் இருக்குல்ல? அதை நான்தானே காட்டினேன். அந்த ஒண்ணு போதும்."

அந்த ஒன்று நாலு வருஷத்துக்கு முன்னால் போனது.

சல்ஹா அக்காவுக்கு அப்போது எழுபத்தெட்டு. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு வியாழக்கிழமை, நாயிஃப் கொல்லையில் இருந்த நேரம், அவள் சொன்னாள்: "நான் போயிட்டா தேடி வாங்க. நான் வந்து உங்க இடது பையில கை விடுவேன். காயை எடுப்பேன். அதுதான் அடையாளம். நீங்க எதுவும் சொல்லக்கூடாது, நானாத்தான் எடுக்கணும்."

ஷகீப் சிரித்தான். "மறந்துட்டேன்னா?"

அவள் சிரிக்கவில்லை. "நீங்க மறந்துதானே வந்தீங்க" என்றாள். பிறகு சொன்னாள். அரிவாள் மாவுப் பெட்டிக்குப் பின்னால் இல்லை. மாட்டுக் கொட்டில் உத்தரத்தில் செருகியிருந்தது, அவளுக்கு முன்பே தெரியும். பையன் கையை நீட்டியதும் அவள் எல்லோருக்கும் முன்னால் ஓடி, உள்ளறை வழியாகக் கொட்டிலுக்குப் போய், எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஏன் அப்படிப் பண்ண?" என்று கேட்டிருக்கிறான்.

"அப்போ நாலு வருஷமா இந்த வீட்டுல எனக்கு 'அம்மா'ன்னு பேர், 'நாயிஃபோட அம்மா'ன்னு பேர், 'பாவம் அந்தப் பொண்ணு'ன்னு பேர். நீங்க வந்து 'பசிக்குது சல்ஹா'ன்னீங்க. அதுக்கப்புறம் அரிவாள் எங்க இருந்தா என்ன."

ஷகீப் எழுந்து வந்துவிட்டான். அன்றும் அவள் காயைப் போட்டுத்தான் அனுப்பினாள். அடுத்த வியாழன் அவன் போகவில்லை. அதற்கடுத்த வியாழனும் போகவில்லை. நஜ்லா எடுத்து வைத்த சட்டையை மடித்தபடியே திரும்ப வைத்தாள். அந்த இரண்டாவது வியாழன் அவன் எங்கள் தேவாலயத்துக்குப் பக்கத்து வீட்டுக் கூரையில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, கார் ஒன்று ஒலிபெருக்கியில் ரஷ்மூன் இறப்புச் செய்தியைச் சொல்லிக்கொண்டே போனது. கரியோடேயே போனான். நாயிஃபிடம் அவன் முதலில் கேட்டது, "எத்தனை மணிக்கு?"

"ரெண்டு மணி இருக்கும்ப்பா," என்றான் நாயிஃப். "மாத்தேயைக் காய்ச்சி வச்சிட்டு வாசலைப் பார்த்துட்டே இருந்தாங்க."

அடக்கம் முடிந்த மறுநாள் என் வீட்டுக்கு வந்தான். அடுப்பு வேலை எதுவும் இல்லை. உட்கார்ந்தான். என் மார்த்தா இறந்து அப்போது ஆறு வருஷம். தேவாலயத்துக்குப் பின்னால், மாதுளைக்குக் கீழே இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை விளக்கு ஏற்றுவேன். ஷகீப் அதைத்தான் கேட்டான்.

"அங்க போய் என்ன அண்ணே பண்ணுவீங்க?"

"உட்கார்ந்திருப்பேன். மழை எப்படின்னு சொல்லுவேன்."

"பதில் வருமா?"

"அவ உசுரோட இருக்கும்போதே மழையைப் பத்திப் பதில் சொல்லமாட்டா."

கொஞ்சம் சிரித்தான். பிறகு சொன்னான்: "உங்களுக்கு இடம் தெரியும், ஆள் இல்ல. எனக்கு ஆள் இருக்கு, இந்நேரம் எங்கயோ தொட்டில்ல கெடந்து பாலுக்கு அழுதுட்டு இருக்கா, இடம் தெரியல. எது அண்ணே பரவாயில்ல?" மாற்றிக்கொள்ள முடியுமென்றால் அன்று இரண்டு பேருமே மாற்றிக்கொண்டிருப்போம் என்றுதான் தோன்றியது.

"நான் நிஜமா அஜாஜ் இல்லேன்னா, அவ என்னைத் தேடி வருவாளா?" என்று வாசலில் நின்று கேட்டான்.

அதற்குப் பிறகு ஷகீப் தன் தொழிலை ஒன்பது ஊருக்கு விரித்தான். முன்பெல்லாம் தூரம் என்று தட்டிக்கழித்த ஊர்களுக்கும் போனான். நஜ்லா அவனைச் சீண்டுவாள்: "சீனாவுல பிறந்திருந்தா என்ன பண்ணுவ? அங்கயும் குழாய் தொடைக்கப் போவியா?" சீனாவிலும் துரூஸ்கள் நிறைய இருப்பதாக எங்கள் மலையில் ஒரு பேச்சு உண்டு, யாரும் போய்ப் பார்த்ததில்லை. "அங்க என்ன அடுப்பு எரிக்கிறாங்கன்னு யாருக்காவது தெரியுமா?" என்று ஷகீப் என்னிடம் தனியாகக் கேட்டான். கேலி இல்லை, நிஜமாகத்தான் கேட்டான்.

இந்த வருஷம் அக்டோபர் முதல் வாரம் நாயிஃபிடமிருந்து போன் வந்தது. தைர் ஹவ்ரா என்ற ஊரில் ஜுமானா என்று நாலு வயதுக் குழந்தை, ஒரு மாதமாக 'எனக்கு மூணு பசங்க, வியாழக்கிழமை கரி மனுஷன் வருவான்' என்று சொல்கிறதாம்.

ஷகீப் என்னைக் கூப்பிட்டான். "நீங்க வாங்க அண்ணே. எங்க ஆளுங்க எல்லாரும் ஆசைப்பட்டுப் பார்ப்பாங்க. உங்களுக்கு இதுல நம்பிக்கை இல்ல, உங்க கண்ணு நேராப் பார்க்கும்." அடையாளம் என்ன என்பது அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நாயிஃபுக்குக்கூடச் சொல்லவில்லை. வழி முழுக்க வண்டியை இரண்டாவது கியரிலேயே ஓட்டினான்.

அது ஒரு சின்ன வீடு. அடுப்பு ஏற்கெனவே கூடத்துக்கு வந்திருந்தது, இன்னும் பற்றவைக்கவில்லை. நாயிஃப் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான், அறுபத்து நாலு வயது, கையில் தடி. குழந்தையின் தாய் அதை மடியில் இறுக்கி வைத்திருந்தாள்.

"என் அம்மா பேரை விளையாட்டுக்கு எடுக்கக்கூடாது தாயே, அதான் நேரா வந்தேன்" என்றான் நாயிஃப்.

"நாங்களா அண்ணே அதைப் பேச வச்சோம்?" என்றாள் அவள். "ஒரு மாசமா சரியாச் சாப்பிடல. 'வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ'ன்னு என்கிட்டயே சொல்லுது. ஆமான்னா ஆமான்னு சொல்லுங்க, இல்லேன்னா இல்லேன்னு சொல்லிட்டுப் போங்க. எனக்கு என் புள்ள தூங்கணும்."

எத்தனை மணிக்குப் பிறந்தது என்று கேட்டேன். "வியாழக்கிழமை. மத்தியானமா சாயங்காலமா, வலியில யார் கடிகாரம் பார்த்தா?" இந்த வீட்டுக் குழாயைப் போன வருஷம் யார் துடைத்தது என்றும் கேட்டேன். அவள் ஷகீப்பைக் கைகாட்டினாள். அப்படியானால் கரி மனிதனைக் குழந்தை பார்த்திருக்கிறது. நாயிஃபும் அதைக் கவனித்தான், தாடையைத் தடவினான். ஷகீப் மட்டும் காதில் விழாதவன் மாதிரி இருந்தான்.

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையில் குந்தினான். நாயிஃப் குழந்தையிடம் பேர் கேட்டான், மூன்று பையன்கள் பேர் கேட்டான். அது ஒரு பேர் சொன்னது, 'நாயிஃப்'. அந்தப் பேரை அன்று காலையிலிருந்து வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மற்றதற்கு முகத்தைத் தாயின் தோளில் புதைத்துக்கொண்டது. நாயிஃப் என்னைப் பார்த்தான். நான் கீழே பார்த்தேன்.

அப்புறம் குழந்தை மடியிலிருந்து இறங்கியது. மெல்ல நடந்து ஷகீப்பிடம் வந்தது. அவன் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தது. அது கையை நீட்டி அவன் கோட்டுப் பைக்குள் விட்டது.

வலது பை.

துணியைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. கை வெளியே வந்தபோது மணிக்கட்டுவரை கரி. குழந்தை கையைப் பார்த்தது, அவனைப் பார்த்தது, உதடு பிதுங்கியது.

"என்ன கண்ணு தேடுற?" என்று நாயிஃப் குனிந்தான்.

"இருங்க," என்றான் ஷகீப். எழுந்தான். "குழாய் எப்படி இருக்குன்னு ஒரு தரம் பார்த்துடறேன்." எல்லோருக்கும் முதுகைக் காட்டி அடுப்புக்கு முன்னால் போய் நின்று, முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினான். அந்தச் சத்தத்தில் எல்லோரும் குழாயின் மேல்முனையைப் பார்த்தார்கள். நான் பக்கச் சுவரில் சாய்ந்திருந்தேன். அவன் இடது கை அந்தப் பக்கத்துப் பைக்குள் போய் வந்தது எனக்குத் தெரிந்தது.

திரும்பி வந்து அதே இடத்தில் குந்தினான். கோட்டின் இடது பை தட்டையாகக் கிடந்தது. என் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

"பசிக்குதா சல்ஹா?" என்றான். "இன்னொரு தரம் பாரு."

இரண்டு விரலால் வலது பையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டான்.